ஸ்வீடனில் ஓடிய பஸ், திருவொற்றியூரில் நின்றது

போன செவ்வாய்க்கிழமை ஆபீஸில் சிரித்துத் தொலைத்தேன்.

புன்சிரிப்பு இல்லை. மேஜை மேலிருந்த மைப்புட்டி ஆடுகிற மாதிரி ஒரு சிரிப்பு! துறைமுகத்துக்கு எதிரே இருக்கும் எங்கள் கப்பல் ஏஜென்ஸி ஆபீஸில் யாரும் அப்படிச் சிரிக்கிற வழக்கமில்லை. டைப்பிஸ்ட் டைப் அடிப்பதை நிறுத்தினார். மானேஜர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

என்னைச் சிரிக்க வைத்தது என்ன தெரியுமா? ஒரு புள்ளிவிவரப் புத்தகம்.

விஷயம் இதுதான். வியாபாரி ஒருவருக்குச் சவுக்குக் கரியைக் கப்பலேற்றி வெளிநாட்டுக்கு விற்க ஆசை. நிலக்கரி இல்லை, அடுப்புக்கரி. எந்த நாட்டில் எவ்வளவு கரி கிடைக்கிறது, எங்கே ஏறுமுகம், எங்கே இறங்குமுகம் என்று ஒப்பிட்டு ஒரு குறிப்பு வேண்டுமென்று மானேஜரிடம் கேட்டிருக்கிறார். மானேஜர் அந்தத் தடித்த புத்தகத்தைத் தூக்கி என் தலையில் கட்டிவிட்டார்.

நானும் படித்தேன். அடேயப்பா, கரியில் இத்தனை சங்கதியா! பிரேசிலில் இரும்பு உருக்கவே கரிதானாம். அதனால் அங்கே கரி இறங்குகிற பேச்சே இல்லை. ஜப்பானில் சட்டியில் கரியைப் போட்டுச் சுற்றி உட்கார்ந்து குளிர் காய்கிறார்கள். பிரான்ஸில் யுத்தத்தின்போது எகிறியது, யுத்தம் முடிந்ததும் விழுந்தது.

அடுத்தது ஸ்வீடன். 'யுத்த காலத்தில் பெட்ரோல் தட்டுப்பாட்டினால் இந்நாட்டில் பஸ்களும் லாரிகளும் கரி வாயுவில் சிறப்பாக ஓடின' என்று எழுதியிருந்தது. 'சிறப்பாக' என்ற இடத்தில்தான் நான் வெடித்தேன்.

ஏனென்று கேட்கிறீர்களா? அந்த ஸ்வீடனை நம்பி என் கல்யாணமே போக இருந்தது, ஐயா!

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். ஏஜென்ஸியில் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ராயபுரத்தில் எங்கள் சந்திலேயே முதன்முதலில் பேண்ட் போட்டவன் நான். அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கும் படகில் வேலை பார்த்தவர். பிள்ளை கப்பல் கம்பெனி கிளார்க் என்றதும் எண்ணூரிலிருந்து பெண் வந்தது. பெண்ணின் பெயர் ரஞ்சிதம். அவளுடைய அப்பா ஏகாம்பரத்துக்குச் சொந்தமாக நாலு படகு. குப்பத்தில் அவர் வைத்ததுதான் சட்டம்.

பெண் பார்க்கப் போனோம். பஜ்ஜி வந்தது, காபி வந்தது, ரஞ்சிதமும் வந்தாள். நான் விழுந்தேன். வேறு எப்படிச் சொல்ல? அந்த நிமிஷமே இவளைத்தான் கட்டவேண்டும் என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அவள் எதிரில் என் படிப்பைக் காட்டவேண்டும் என்று ஒரு வெறியும் வந்துவிட்டது. இளமை!

ஏகாம்பரம் மாமா பேச்சை ஆரம்பித்தார். "கல்யாணம் எங்க வூட்டு வாசல்லதான். மாப்ள வூட்டுக்காரங்க கால்வாயில படகேறி வந்துடுங்க. என் படகையே அனுப்பறேன்."

படகாவது! கிளார்க் படகிலா வருவான்?

"வேண்டாம் மாமா. ஸ்பெஷல் பஸ் வைக்கிறேன்" என்றேன்.

"பெட்ரோலு ஏது?"

"கரி பஸ், மாமா."

மாமா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். கரி பஸ் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. பஸ்ஸின் முதுகில் பீப்பாய் மாதிரி ஒரு இரும்பு அடுப்பு கட்டியிருக்கும். மேலே கரியைக் கொட்டிக் கீழே நெருப்பு வைத்து, ஊதுகிற சக்கரத்தின் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றோ சுற்றென்று சுற்றவேண்டும். அப்போது ஒரு வாயு கிளம்பும். அதில்தான் எஞ்சின் ஓடும். ஓடும் என்று மரியாதைக்குச் சொல்கிறேன்.

"அந்தப் பேஜாரு புடிச்ச வண்டியா? மேடு வந்தா எறங்கித் தள்ளணும். கரியிலல்லாம் கல்யாணத்துக்கு வர்றதா மாப்ளே? அடுப்பூதறதுக்கு வேணா சரி" என்றார் மாமா.

பிடித்துக்கொண்டது எனக்கு. ஆபீஸுக்கு வரும் பேப்பர்களில் பொறுக்கிய அறிவையெல்லாம் அவிழ்த்தேன். பிரான்ஸில் டாக்ஸியே கரியில் ஓடுகிறது, ஆஸ்திரேலியாவில் கார் ஓடுகிறது, ஜப்பானில் ஓடுகிறது. "ஸ்வீடனில் மாமா, ஸ்வீடனில்... ஊரே கரியில்தான் ஓடுகிறது!"

மாமா அமைதியாகக் கேட்டார். "அந்த ஊர்லல்லாம் கரி எங்கேர்ந்து வருது?"

"காட்டிலிருந்து."

"எண்ணூர்ல காடு எங்க கீது, மாப்ளே? உப்பளந்தான் கீது."

உலக நாடுகளை ஒப்பிட வந்தவன் எண்ணூர் உப்பளத்திலேயே வழுக்கி விழுந்தேன்! கதவுக்குப் பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. ரஞ்சிதம்தான். அந்தச் சிரிப்புக்காகவே பஸ்ஸில்தான் வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

மாமா கடைசியாகச் சொன்னார். "சரி. ஒம்பது மணிக்கு முகூர்த்தம் முடிது. அதுக்குள்ள நீ வர்லன்னு வெச்சிக்க, அப்பால ஆடி பொறந்துடும். ஆவணிக்குள்ள நான் இன்னா முடிவு எடுப்பேன்னு எனக்கே தெரியாது. துறைமுகத்துல கிரேன் ஓட்டற பையன் ஒருத்தன் இன்னும் கேட்டுகினுதான் கீறான்."

கிரேன்! பெட்ரோலும் வேண்டாம், கரியும் வேண்டாம் அவனுக்கு.

கல்யாணத்துக்கு முதல் நாள். பஸ்காரர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள், ஸ்பெஷல் என்றால் கரி நாம்தான் தரவேண்டும் என்று. அப்போது கரிக்கு இருந்த கிராக்கி சொல்லி மாளாது. விறகுத் தொட்டியில் காலையிலிருந்து நின்று, கெஞ்சிக் கூத்தாடி, இரண்டு கோணி நல்ல சவுக்குக் கரி வாங்கினேன். ஒவ்வொரு துண்டும் தட்டினால் கிண்ணென்று கேட்டது. முற்றத்தில் சீர்த்தட்டுகளுக்குப் பக்கத்தில் கோணிகளை நிறுத்திவிட்டு, முகம் மழிக்கப் போனேன்.

அங்கேதான் வந்தது வினை. அப்பாவின் அக்கா, என் பொன்னம்மா அத்தை.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். பெண் வீட்டுக்குப் போகிற எந்தச் சாமானும் மஞ்சள் தண்ணீர் தெளித்து, குங்குமம் வைக்காமல் வாசல் தாண்டக் கூடாது. தேங்காயானாலும் சரி, பாயானாலும் சரி, பித்தளை அண்டாவானாலும் சரி. அந்தப் பொறுப்பு அத்தையுடையது. சீர்த்தட்டுகளை முடித்துவிட்டு நிமிர்ந்த அத்தையின் கண்ணில் இரண்டு கோணிக் கரி பட்டிருக்கிறது. கல்யாணத்துக்குப் போகிறது... அதுவும் கன்னங்கரேலென்று! தேங்காய்க்கு நாலு சொட்டுப் போதும். இத்தனை கறுப்புக்கு எவ்வளவு வேண்டும்?

இரண்டு குடம் ஊற்றியிருக்கிறாள்.

எனக்கு இது தெரியாது. மறுநாள் காலையில் கோணிகளின் நெற்றியில் பெரிய பெரிய குங்குமப் பொட்டைப் பார்த்தேன். பரவாயில்லையே, லட்சணமாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். முட்டாள்!

பஸ் வந்தது. டிரைவர் காதர் பாய், பெரிய மீசை. "கிளீனர் காச்சல்ல படுத்துட்டான் நைனா. சக்கரம் சுத்த ஒரு ஆளு வேணும்" என்றார். பஸ்ஸில் இருந்தவர்களில் அடுப்பு அறிவு உள்ளவன் யார்? ஸ்வீடன் நிபுணன்! பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளையே சுற்றினேன். முக்கால் மணி நேரம் சுற்றியபிறகு பஸ் இருமியது, கனைத்தது, கிளம்பியது. அத்தைகளும் மாமாக்களும் கைதட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜன்னலில் தொங்கிக்கொண்டு ராயபுரத்துக்கே டாட்டா காட்டினேன்.

பீப்பாயில் பழைய கரி கொஞ்சம் இருந்ததால் டோல்கேட் வரைக்கும் ராஜநடை. டோல்கேட்டில் காதர் பாய் இறங்கி, நம் கரியை எடுத்துக் கொட்டினார். அவசரத்தில் அவரும் தொட்டுப் பார்க்கவில்லை.

திருவொற்றியூர் தேரடிக்கு வந்ததும் பஸ் ஒரு பெருமூச்சு விட்டது. அவ்வளவுதான், நின்றுவிட்டது.

பீப்பாயின் மூடியைத் திறந்தார் காதர் பாய். புஸ்ஸென்று ஆவி. அதில் கமகமவென்று மஞ்சள் வாசனை! அவர் கையை விட்டு ஒரு துண்டை எடுத்துப் பிழிந்தே காட்டினார்.

"இன்னா நைனா இது? கரியா, ரசமா?"

எல்லார் தலையும் திரும்பியது. பொன்னம்மா அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஆமாண்டா தனபாலு, நாந்தான் ஊத்தினேன். கருப்பா கீதே, பொண்ணு வூட்டுக்குப் போவுதே, மங்களமா இருக்கட்டும்னு ஊத்தினேன். அதுக்கு இன்னா இப்ப?"

மணி எட்டடிக்கப் பத்து நிமிஷம். நடந்தால் ஒன்றரை மணி நேரம், அதுவும் மணல் ரோட்டில், சீர்த்தட்டுகளோடு. காலை ரயில் போய்விட்டது. ஜட்கா தேடி ஓடினேன். முகூர்த்த நாள், ஒரு குதிரைகூட மிச்சமில்லை. கண்ணெதிரே கிரேன்காரன் மாலையும் கழுத்துமாக நிற்கிறான். கதவுக்குப் பின்னால் சிரித்த அந்தச் சிரிப்பு இனி எனக்கில்லை என்று நினைத்தபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நடுத்தெருவில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அழுவாத நைனா. காஞ்ச கரி ஒரு கோணி கெடச்சா போதும், எட்டே முக்காலுக்கு எண்ணூர்" என்றார் காதர் பாய்.

காய்ந்த கரிக்கு எங்கே போவது? ஸ்வீடன்காரன் என்றால் காட்டைப் பார்த்து ஓடியிருப்பான். நான் எதிரே இருந்த இஸ்திரிக் கடையைப் பார்த்து ஓடினேன்!

கடைக்காரர் முனுசாமி, வாயில் வெற்றிலையோடு ஒரு வேட்டியை மடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கூடை நிறையக் கரி. காய்ந்த கரி! விஷயத்தைச் சொல்லிக் கையைக் கூப்பினேன்.

"நல்லா கீதே நியாயம்! முகூர்த்த நாளு. கரிய உனுக்குக் குடுத்துட்டு வேட்டிங்க சுருக்கத்த நான் வாயால ஊதியா எடுக்கறது?"

"எண்ணூர் போகணும் அண்ணே. முகூர்த்தம் போயிடும்."

"எண்ணூரா? யார் வூட்ல?"

"படகுக்கார ஏகாம்பரம்."

முனுசாமி மடித்துக்கொண்டிருந்த வேட்டியை அப்படியே தூக்கிக் காட்டினார். அகலச் சரிகை பளபளத்தது. "இது யார்துன்ற? அவுர்துதான்! தாரை வாக்கறப்ப கட்டணும், கத்தி மாதிரி மடிப்பு வோணும்னு முந்தாநாளே ஆள்கிட்ட குடுத்தனுப்சாரு. இன்னிக்கி மொத பஸ்ல ஆள் வந்து வாங்கிக்கும்னாரு. மொத பஸ்ஸே இன்னும் வர்ல. அதுவும் கரி பஸ்ஸுதானே?"

நானும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அப்புறம் முனுசாமி சிரித்தார் பாருங்கள்... வெற்றிலைச் சாறு என் சட்டையெல்லாம்!

"தோ பார், மாப்ள. மாமனாருக்கு வேட்டியில்ல, மருமவனுக்கு வண்டியில்ல. எட்றா கூடைய!"

கூடையைக் கொடுத்ததோடு நிற்கவில்லை அவர். தெருவில் இறங்கிக் கத்த ஆரம்பித்துவிட்டார். "யம்மோவ்! கல்யாண பஸ்ஸு நின்னுகினு கீது! கும்முட்டி அடுப்புக்கு வெச்சிருக்கற கரிய எடுத்தாங்கோ!"

கரிக்குப் பஞ்சமான காலம் அது. மழைக்கு ஆகும் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பானையில் மூடிவைத்திருப்பார்கள். எனக்கு நம்பிக்கையே இல்லை. ஆனால் ஒரு கதவு திறந்தது. அடுத்த கதவு திறந்தது. முறத்தில் வந்தது, சட்டியில் வந்தது, முந்தானையில் வந்தது. மீன் கூடைக்காரி ஒருத்தி கூடையைக் கவிழ்த்தாள். அதிலும் நாலு துண்டு! வேர்க்கடலை வறுக்கிற அம்மாள் கரியோடு ஒரு பொட்டலம் கடலையும் கொடுத்தாள். ஒருத்தராவது என்னை யாரென்று கேட்கவில்லை. எந்தக் காட்டிலும் இவ்வளவு சீக்கிரம் கரி கிடைத்திருக்காது என்று அடித்துச் சொல்வேன்.

"எல்லாரும் கல்யாணத்துக்கு வாங்க!" என்று கத்தினேன். மரியாதைக்குச் சொன்னதுதான். பத்தே நிமிஷத்தில் பாதித் தெரு பஸ்ஸுக்குள் இருந்தது. இடமில்லாதவர்கள் படியில் தொங்கினார்கள். முனுசாமி வேட்டியைக் குழந்தை மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தார்.

ஈரக் கரியை வழித்துப் போட்டுவிட்டு, மறுபடியும் சக்கரம். இந்தத் தடவை பேய் பிடித்தவன் மாதிரி சுற்றினேன். முகம், மாலை, பட்டு எல்லாம் கரி. பஸ் கிளம்பியது. வழியில் ஒரு மேட்டில் மூச்சு வாங்கியது. அத்தனை பேரும் குதித்து 'ஹோ'வென்று தள்ளினோம். டிரைவரைத் தவிர மாப்பிள்ளை, மாப்பிள்ளை வீட்டார், முன்பின் தெரியாதவர்கள், எல்லாரும்!

எட்டு நாற்பத்தேழு. எண்ணூர்.

பந்தல் வாசலில் மாமா நின்றிருந்தார். கோலத்தைக் கேளுங்கள். மேலே பட்டுச் சட்டை, நெற்றியில் விபூதி, கழுத்தில் தங்கச் சங்கிலி. இடுப்பில் கைலி! படகு ஓட்டும்போது கட்டுகிற பழைய கட்டம் போட்ட கைலி. கோபத்தில் கண் சிவந்திருந்தது.

"மணி இன்னா? வெளக்கேத்தி எம்மா நேரம் ஆச்சு? நான் அப்பவே சொன்னனா இல்லியா, கரி பஸ்ஸு..."

அவர் முடிப்பதற்குள் கத்தி மாதிரி மடிப்போடு சரிகை வேட்டி அவர் முகத்தெதிரே நீண்டது. முனுசாமியிடமிருந்து வாங்கி நான்தான் நீட்டினேன். என் கையின் கரிரேகை அதில் ஒன்று விழுந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

"மாமா, உங்க வேட்டி. கரியில் இஸ்திரி போட்டது. கரியில் வந்தது" என்றேன்.

மாமா வேட்டியைப் பார்த்தார், பஸ்ஸைப் பார்த்தார், என் மூஞ்சியைப் பார்த்தார். தம் கைலியையும் குனிந்து பார்த்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார்! கூட்டமே சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் உள்ளே ஓடி வேட்டியோடு வந்து நின்றார். என் தோளில் கை போட்டு மணவறைக்கு இழுத்துப் போனார். "காடு எங்க கீதுன்னு கேட்டனே மாப்ளே. திருவொத்தியூர்ல கீதுன்னு அன்னிக்கே சொல்றதுக்கின்னா?" என்றார்.

முகம் கழுவ நேரமில்லை. அப்படியே மணையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ரஞ்சிதம் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "மாப்ள வருவாருன்னாங்க. கரிக்கடக்காரர் வந்து குந்திகினு கீறாரு."

ஒன்பதுக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது தாலி கட்டினேன். சாப்பாடு எத்தனை பேருக்குச் செய்தது, எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று கேட்காதீர்கள். மாமா அடுப்பில் இன்னொரு அண்டா ஏற்றச் சொன்னார். அதற்கு வேண்டிய கரியையும் காதர் பாயின் பீப்பாயிலிருந்துதான் எடுத்தார்கள்!

பொன்னம்மா அத்தைதான் இதில் ஜெயித்தவள். இன்றுவரை அவளிடம் யாரும் அந்தக் கரியைப் பற்றிக் குறை பேச முடியாது. "நான் தண்ணி ஊத்தலன்னா பஸ்ஸு தேரடில நின்னிருக்குமா? நிக்கலன்னா வேட்டி வந்திருக்குமா? உன் மாமனாரு கைலியோட தாரை வாத்திருப்பாரு, போடா!" என்பாள். யாரிடமாவது பதில் இருக்கிறதா? இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

இதையெல்லாம் நினைத்துத்தான் அன்றைக்கு ஆபீஸில் சிரித்தேன். மானேஜரிடம் இத்தனையும் சொல்ல முடியுமா? 'தும்மல் சார்' என்று சமாளித்துவிட்டுக் குறிப்பை எழுதி முடித்தேன். பிரேசில், ஏறுமுகம். பிரான்ஸ், இறங்குமுகம். ஸ்வீடன், பெட்ரோல் வந்ததும் கரியை மறந்துவிட்டது. ஜப்பான், குளிர் காய்கிறது.

கடைசியில் நம் நாடு வந்தது. புத்தகத்தில் நம்மைப் பற்றி உருப்படியாக ஒன்றுமில்லை. 'விவரம் கிடைக்கவில்லை' என்றிருந்தது. எனக்கு விவரம் தெரியுமே! பேனாவை எடுத்தேன். 'கரி போதாது. கேட்டால் கொடுப்பார்கள்' என்று எழுதினேன்.

மானேஜர் அந்த வரியைச் சிவப்புப் பென்சிலால் அடித்துவிட்டார். "இது புள்ளிவிவரமா?" என்று ஒரு கேள்வி வேறு.

சாயந்திரம் வீட்டுக்கு வந்து ரஞ்சிதத்திடம் சொன்னேன். அவள் கும்முட்டி அடுப்பை விசிறிக்கொண்டே கேட்டாள். எனக்குத் தெரிந்த அதே சிரிப்பு வந்தது.

"அவுரு அடிச்சா அடிச்சிட்டுப் போறாரு. உனுக்குத்தான் பேப்பர்ல வாராவாரம் எயுத ஒரு எடம் கீதே. அங்க போடு, யாரு அடிக்கறான்னு பாக்கலாம்."

போட்டுவிட்டேன்.